கேளுங்க மாஸ்டர்: அடி எல்லாத்துக்கும் ஒண்ணுதான், கலை மட்டும் ஏன் வேற வேற?

போன மாசம் நான், சின்ன வயசுல சிலம்பம் கத்துக்கிட்டவங்களுக்கு ஜூடோ காலு, அதாவது காலடி வைக்கிற முறை, சீக்கிரம் பிடிபடும்னு ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கேள்வியே இந்த மாசம் முழுக்க ஓடும் போல இருக்கு. ஒரு கலையை இன்னொரு கலைல இருந்து பிரிக்கிறது எதுன்னு எல்லாரும் சுத்திச் சுத்தி ஒரே விஷயத்தைத்தான் கேக்குறீங்க, அதனால மத்த கேள்விகளைத் தள்ளி வச்சுட்டு இதையே எடுத்துக்கிறேன்.

கேள்வி: என் பையனுக்கு எட்டு வயசு. எங்க ஏரியால கராத்தே கிளாஸ் இருக்கு, சிலம்பம் இருக்கு, கொஞ்சம் தள்ளி ஜூடோவும் இருக்கு. மூணையும் நேர்ல போய்ப் பார்த்தேன் மாஸ்டர். எங்க பார்த்தாலும் அடிக்கிறாங்க, தடுக்குறாங்க, விழுறாங்க. அப்புறம் எதை வச்சு இது தனிக் கலை, அது தனிக் கலைன்னு சொல்றீங்க? டிரெஸ்ஸை வச்சா? – ஒரு அம்மா, ஈரோடு

அம்மா, டெக்னிக்கை மட்டும் எண்ணிப் பார்த்தா நீங்க சொல்றது சரிதான். மனுஷனுக்கு எந்த நாட்டுலயும் ரெண்டு கை, ரெண்டு காலு, முட்டி ஒரு பக்கமாத்தான் மடங்கும், அதனால இடுப்புல ஏத்தித் தூக்கிப் போடுறது ஜூடோலயும் இருக்கு, சுமோலயும் இருக்கு, நம்ம ஊர்க் குஸ்திலயும் இருக்கு. லிஸ்ட் போட்டா பாதி ஒண்ணாத்தான் வரும். நான் ஒரு கலையை அடையாளம் கண்டுக்க ரெண்டு விஷயம் பார்ப்பேன். எந்தக் கஷ்டத்தைத் தீர்க்க அது பொறந்துச்சு, அதைப் பழகுறவங்க தினமும் எப்படிப் பழகுறாங்க. இதுல ரெண்டாவதுதான் ரொம்ப முக்கியம்னு இத்தனை வருஷம் ஜூடோ மெத்தைல உருண்டதுக்கு அப்புறம் நான் உறுதியா நம்புறேன்.

எனக்கு நல்லாத் தெரிஞ்ச ஜூடோவையே சொல்றேன். அதை உருவாக்குன கானோ ஜிகோரோ 1860ல பொறந்தவர், ஆள் குள்ளம், ஒல்லி, ஸ்கூல்ல பெரிய பசங்ககிட்ட அடி வாங்குனவர். அந்தக் கஷ்டத்துலதான் டோக்கியோல ஜுஜுட்சுங்கிற பழைய ஜப்பான் சண்டைக் கலை ஆசான்களைத் தேடி அலைஞ்சார். அது ஜப்பான்ல மெய்ஜி மன்னர் காலம், சாமுராய்ங்கிற போர்வீரர் வர்க்கமே கலைஞ்சு போச்சு, வாள் எடுத்துட்டு வெளிய நடக்கக்கூடத் தடை, ஜுஜுட்சு சொல்லிக் குடுத்தவங்களுக்கு வருமானம் இல்ல, மதிப்பும் இல்ல. அந்த நேரத்துல அவர் டென்ஜின் ஷின்யோ, கிட்டோன்னு ரெண்டு பள்ளியோட முறைகளைக் கத்துக்கிட்டார். முதல் பள்ளில கழுத்தை நெரிக்கிறது, கீழ அமுக்குறது, அடிக்கிறதெல்லாம் பலம், ரெண்டாவதுல தூக்கிப் போடுறது பலம்.

1882ல எய்ஷோஜிங்கிற கோயில்ல ஒரு இடம் எடுத்து கோடோகன்னு பேர் வச்சு ஆரம்பிச்சார். பன்னெண்டு பாய் விரிக்கிற இடம்தான், ஒரு பாய் ஆறடிக்கு மூணடின்னு வச்சா மொத்தம் இருநூத்திச் சொச்சம் சதுர அடி வரும், நம்ம வீட்டு ஹால் அளவு. முதல் வருஷம் சேர்ந்தவங்க ஒன்பது பேர். அந்தச் சின்ன இடத்துல அவர் எடுத்த ஒரு முடிவுதான் ஜூடோவோட உயிரே. எதிராளியோட முழு பலத்தோட மோதிப் பழகுற பயிற்சில இருந்து குத்து, உதை, விரலை முறிக்கிறது மாதிரி ஆபத்தானதையெல்லாம் வெளிய எடுத்துட்டார். தூக்கி எறியல, காத்தான்னு சொல்ற வரிசைப் பயிற்சில பத்திரமா வச்சார். ரெண்டு பேரும் மோதிப் பழகுற ராண்டோரில மிச்சம் இருந்தது போடுறது, அமுக்குறது, நெரிக்கிறது, முழங்கையை மடக்குறது.

இதைக் கேட்டதும் ஆபத்தானதை எடுத்துட்டா கலை பலவீனமாயிடாதான்னு தோணும். நடந்தது நேர் எதிர். ஒரு குத்தை முழு வேகத்துல உங்க நண்பர் மேல தினமும் பழக முடியாது, பழகுனா ஒரு வாரத்துல நண்பர் இருக்க மாட்டார். ஆனா விழுறதுக்கு ஒழுங்காக் கத்துக் குடுத்துட்டா, ஒரு ஆளைத் தூக்கிப் போடுறதை முழு பலத்தோட, அவன் முழு பலத்தோட எதிர்க்கும்போதே, ஒரே நாள்ல ஐம்பது தடவை பழகலாம். தினமும் உண்மையா எதிர்க்கிற ஆள்கிட்டயே பழகுனவனுக்கும், ஆபத்தான டெக்னிக்கை காத்துல மட்டும் பழகுனவனுக்கும் அஞ்சு வருஷத்துல வித்தியாசம் தெரிஞ்சிடும்.

கொள்கையும் இந்தப் பழக்கத்துல இருந்துதான் வருது. கானோவோட கிட்டோ பள்ளி ஆசான் ஈகுபோ, வயசு ஐம்பதுக்கு மேல, அப்பவும் கானோவை ஈஸியாப் போடுவாராம். ஒரு நாள் கானோ அவரைத் தொடர்ந்து போட ஆரம்பிச்சுட்டார், ஆசான் ஒரு தடவைகூடப் போட முடியல. என்னப்பா செஞ்சேன்னு கேட்டிருக்கார். ஆளை இழுத்தா அவன் பின்னாடி சாய்வான், தள்ளுனா முன்னாடி வருவான், அப்படி அவன் சமநிலை உடையிற நொடியைப் பார்த்து அந்தப் பக்கமாவே போடுறேன்னு கானோ விளக்கியிருக்கார். இனிமே உனக்குச் சொல்லிக் குடுக்க என்கிட்ட ஒண்ணும் இல்லன்னு ஆசான் சொல்லிட்டாராம், இது கானோவே எழுதி வச்ச சம்பவம். இதுக்குத்தான் குசூஷின்னு பேரு, நிலை குலைக்கிறது.

இதை ஏட்டுல படிச்சாப் புரியாது. எதிராளியோட வலது சட்டைக் கையை என் இடது கைல பிடிக்கிறேன், அவர் சட்டைக் கழுத்தை வலது கைல. சட்டைக் கையை லேசா வெளிப்பக்கமா மேல தூக்குறேன், கையில கட்டியிருக்கிற வாட்சுல மணி பார்க்கிற மாதிரி. அவ்ளோதான். அவர் வலது கால்ல குதிகால் மண்ணை விட்டு ஒரு நூல் தூக்கும், உடம்பு எடை மொத்தமும் அந்தக் காலோட சுண்டு விரலுக்குப் போகும். அந்த நொடில எழுபது கிலோ ஆள் ஒரு தண்ணிக் குடம் மாதிரி ஆயிடுவார், பக்கத்துல லேசாத் தட்டுனாப் போதும். அதைக் கையால உணர்றதுக்கு எனக்கு மூணு வருஷம் ஆச்சு. ஜூடோ நாற்பது போடுமுறையை அஞ்சு தொகுதியாப் பிரிச்சு வச்சிருக்கு, நாற்பதுலயும் இந்த ஒரு விஷயம்தான் உள்ள ஓடுது. கொள்கைன்னு நான் சொல்றது இதைத்தான் அம்மா, நாற்பதையும் மறந்துட்டாலும் உடம்புல மிஞ்சி நிக்கிறது.

உங்க பையனுக்கு எதுன்னு முடிவு பண்ண, மூணு கிளாஸ்லயும் முதல் கால் மணி நேரம் என்ன செய்றாங்கன்னு மட்டும் உக்காந்து பாருங்க. ஜூடோல பிள்ளைங்க விழுந்துக்கிட்டே இருக்கும், மெத்தைல கையைத் தட்டித் தட்டி. சிலம்பத்துல காலு போட்டுக்கிட்டு இருக்கும். கராத்தேல நின்ன நிலையை இறுக்கிக் குத்தை ஒரே கோட்டுல விட்டு இழுக்கும். பையன் எதைப் பார்த்து எந்திரிச்சு நிக்கிறானோ அதுல சேருங்க.

கேள்வி: ஒலிம்பிக்ல ஜூடோல கால் பிடிக்கக் கூடாதுன்னு ரூல் மாத்திட்டாங்களே, அதுக்கு அப்புறமும் அது கானோவோட ஜூடோதானா? பிரேசில் ஜியு ஜிட்சுதான் ஒரிஜினல் ஜூடோன்னு என் பிரெண்டு சண்டை போடுறான். – தூத்துக்குடி தம்பி

தம்பி, உன் பிரெண்டு பாதி சரி. 2010ல சர்வதேச ஜூடோ சம்மேளனம் இடுப்புக்குக் கீழ நேரா கைவச்சுத் தாக்குறதைக் கட்டுப்படுத்துச்சு, 2013ல சுத்தமாவே நிறுத்திட்டாங்க. ரெண்டு காலையும் கட்டிப் பிடிச்சுக் கவுக்குற மொரோத்தே காரி போச்சு, ஆளைத் தோள்ல சக்கரம் மாதிரி சுத்திப் போடுற காத்தா குருமாவைப் பழைய முறைல போட முடியாமப் போச்சு. அந்தக் காத்தா குருமா, தன்னைவிடப் பெரிய ஆள் ஒருத்தரைப் போடுறதுக்காகக் கானோ லைப்ரரி வரைக்கும் போய் மேலைநாட்டு மல்யுத்தப் புத்தகமெல்லாம் பார்த்துத் தேடிப் பிடிச்சது. அதைப் போட்டில இருந்து எடுத்ததுல எனக்கு வருத்தம் உண்டு, மறைக்க மாட்டேன். போட்டி மல்யுத்தம் மாதிரி ஆயிடுச்சு, எல்லாரும் குனிஞ்சு நின்னுக்கிட்டுக் காலையே பாயுறாங்க, நிமிர்ந்து நின்னு போடுறது காணாமப் போகுதுன்னுதான் மாத்துனாங்க, அதுலயும் உண்மை இருக்கு. ஆனா குசூஷி இருக்கிற வரைக்கும் அது ஜூடோதான். நிறைய வாசல் இருந்த வீட்டுல சில வாசலைப் பூட்டியிருக்காங்க, வீடு அப்படியே இருக்கு.

பிரேசில் கதை இன்னும் நல்லா விஷயத்தைக் காட்டும். கோடோகன்ல பழகுன மாயேதா மிட்சுயோ 1914ல பிரேசில் போனார், அவர்கிட்ட கார்லோஸ் கிரேசி கத்துக்கிட்டார். போனது ஜூடோதான். ஆனா அங்க அவங்க பழகுன விதம் வேற, போட்டி விதி வேற. ஜூடோல ஆளை வேகமா, கட்டுப்பாட்டோட, முதுகு பதியிற மாதிரி போட்டா இப்பொன், ஆட்டம் அங்கேயே முடிஞ்சிடும். பிரேசில் போட்டில அதே போடுக்கு ரெண்டு பாயின்ட்தான், கீழ போனதுக்கு அப்புறம் எதிராளி காலைத் தாண்டிப் போனா மூணு, மேல ஏறி உக்காந்தா நாலு. அதனால அங்க ஒருத்தர் தானாவே தரைல உக்காந்து ஆட்டத்தை ஆரம்பிப்பார், அதைப் பார்த்தா ஜூடோக்காரருக்குத் திக்குன்னு இருக்கும். வேர் ஒண்ணு, டெக்னிக்கும் முக்கால்வாசி ஒண்ணு, ஆனா நூறு வருஷத்துல ரெண்டு கலை. பிரிச்சது பழகுற விதிதான்.

இதே மாதிரி அய்கிடோங்கிற இன்னொரு ஜப்பான் கலைல ஒண்ணு நடந்துச்சு. உயேஷிபா மோரிஹெய் உருவாக்குன அய்கிடோல போட்டியே கிடையாது, ஒருத்தர் தாக்குவார், ஒருத்தர் வாங்கிச் சுழற்றுவார், மாத்தி மாத்திப் பழகுவாங்க. கானோகிட்டயும் உயேஷிபாகிட்டயும் கத்துக்கிட்ட டோமிகி கென்ஜி, ஒருத்தர் கையில ரப்பர் கத்தியைக் குடுத்து நெஜமாக் குத்த வான்னு போட்டி முறையைக் கொண்டு வந்தார். கைப்பிடி எல்லாம் அதேதான், ஆனா இன்னிக்கும் அது தனிக் கிளையாத்தான் நிக்குது, மத்த அய்கிடோக்காரங்க இது எங்களோடது மாதிரி இல்லையேம்பாங்க.

கேள்வி: உலகத்துல இருக்கிற எல்லாத் தற்காப்புக் கலைக்கும் மூலம் நம்ம காஞ்சிபுரத்துல இருந்து போன போதிதர்மர்தானே? அப்ப குங்ஃபூவோட அடையாளமே தமிழ்தானே? – காஞ்சிபுரம் வாசகர்

ஐயா, உங்க ஊர்ப் பாசம் எனக்குப் புரியுது, ஆனா இதுல தெரிஞ்சதைத் தெரிஞ்ச மாதிரியே சொல்லணும். போதிதர்மர் தென்னிந்தியால இருந்து சீனா போன துறவின்னு பழைய சீனக் குறிப்புகள்ல இருக்கு, 547 வாக்குல எழுதுன இன்னொரு குறிப்பு அவரைப் பாரசீகத்துக்காரர்னும் சொல்லுது. குங்ஃபூவுக்குப் பேர் போன ஷாவோலின் கோயில் அவர் பேரோட சேர்றதுக்கு முன்னாடியே, 495 வாக்குல, பாதுவோங்கிற இன்னொரு இந்தியத் துறவிக்காகக் கட்டுனது. போதிதர்மர் அங்க சண்டைக் கலை சொல்லிக் குடுத்தார்ங்கிறதுக்கு அவர் காலத்து ஆதாரம் கிடையாது. அந்தக் கதை 1624ங்கிற தேதி போட்ட யிஜின் ஜிங்ங்கிற உடற்பயிற்சி நூல்ல இருந்து கிளம்புனது, அதுவும் அவருக்கு ஆயிரம் வருஷம் கழிச்சு. டாங் ஹாவ்ங்கிற சீன வரலாற்று ஆய்வாளர் போன நூற்றாண்டுலயே இதை எடுத்துக் காட்டிட்டார்.

ஆனா ஒரு விஷயம் இருக்கு, அதைக் கேட்டா நீங்க சந்தோஷப்படுவீங்க. சீனாவுல மிங் மன்னர்கள் காலத்துல ஷாவோலின் துறவிங்க ரொம்பப் பேர் வாங்குனது கம்பு வித்தைல, அந்தக் கம்புக்கு மூலம்னு அவங்க கும்பிட்டது போதிதர்மரை இல்ல, கின்னரரை. நம்ம கந்தர்வர், கின்னரர்னு சொல்றோமே அதே கின்னரர், புத்த மதத்தோட சேர்ந்து இந்தியால இருந்து போனவர்.

ஊரைக் கண்டுபிடிச்சாக் கலை கிடைச்சிடாது, அதையும் சொல்லிடுறேன். கராத்தே பொறந்த ஜப்பான் தீவு ஒகினாவா. அங்க கராத்தேன்னா சீனக் கைன்னுதான் அர்த்தம், எழுத்தும் அப்படித்தான் எழுதுனாங்க. 1936ல அந்தத் தீவோட நாஹா நகரத்துல ஆசான்கள் கூடிப் பேசி அதே உச்சரிப்புல வெறுங்கைன்னு அர்த்தம் வர்ற எழுத்தை ஏத்துக்கிட்டாங்க. பேர் மாறிடுச்சு, மூலக் கதையும் மாறிடுச்சு, ஆனா அடுத்த நாள் காலைல சான்சின் காத்தா பழகுனவங்க அதே மாதிரிதான் கால் பெருவிரலை உள்ள திருப்பி, வயித்தை இறுக்கி, மூச்சை அடக்கி நின்னாங்க.

கேள்வி: ஆறு மாசத்துல பிளாக் பெல்ட் தர்றேன்னு ஒரு கிளாஸ்ல சொல்றாங்க, சேரலாமா? – திருச்சி

வேண்டாம். டான்ங்கிற தகுதியை ஜூடோல கானோதான் 1883ல ரெண்டு மாணவர்களுக்கு முதல்ல குடுத்தார், கருப்பு பெல்ட் அதுக்கும் அப்புறம்தான் வந்துச்சு, மஞ்சள் பச்சை எல்லாம் பின்னாடி ஐரோப்பால பரவுனது. கராத்தேவுக்கு அது ஜூடோகிட்ட இருந்து போனது. பெல்ட் இல்லாமலே நூத்துக்கணக்கான வருஷம் ஓடுன கலைகள் இருக்கு. எத்தனை பேரோட முழு பலத்துல பழகுனீங்கன்னுதான் எண்ணணும்.

கேள்வி: முப்பது வருஷமா சிலம்பம் சொல்லிக் குடுக்கிறேன். இப்ப போட்டில கம்பை வேகமாச் சுத்துறவனுக்குத்தான் பரிசு. பிள்ளைங்க விசிறி மாதிரி சுத்துதுங்க, ஆனா எதிர்ல ஒருத்தன் நின்னா ஒரு அடி தடுக்கத் தெரியல. இது சிலம்பம்தானா? மனசு வலிக்குது. – ஒரு சிலம்ப ஆசான், மதுரை மாவட்டம்

ஆசானே, நீங்க என்னைவிட மூத்தவங்க, உங்களுக்குப் பதில் சொல்ற தகுதி எனக்கு இருக்கான்னு யோசிச்சேன். ஆனா கேட்டுட்டீங்க, எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன்.

எனக்கு ஒன்பது வயசுல எங்க ஊர் ஆசான் கம்பு வெட்டிக் குடுத்தார். என்னை நிக்க வச்சு நெத்திப் பொட்டு வரைக்கும் அளந்து மூங்கிலை அறுத்து, நெருப்புல லேசாக் காட்டி வளைவு நிமித்தி, எண்ணெய் தடவிச் சுவத்துல சாய்ச்சு வச்சுட்டார். தொடக் கூடாது. நாலு மாசம் வெறுங்கையோட காலடிதான். அவர் கால் பெருவிரலால மண்ணுல கோடு கிழிப்பார், நாங்க அந்தக் கோட்டுல முன்னாடி போகணும், பக்கவாட்டுல ஏறணும், திரும்பணும், பின்வாங்கணும், மண்ணுல பதிஞ்ச தடத்தைப் பார்த்தே யார் குதிகால்ல எடையைப் போட்டாங்கன்னு சொல்லிடுவார். எங்களுக்கு அழுகையா வரும், பக்கத்துல கம்பு சாய்ஞ்சு நிக்குது, சுத்த விட மாட்டேங்கிறார். அவர் சொன்னது ஒண்ணுதான், காலு போற இடத்துக்குத்தான்டா கம்பு வரும்.

அஞ்சாவது மாசம் கம்பைக் குடுத்தார். குடுத்துட்டு அவரும் ஒரு கம்பை எடுத்துக்கிட்டு எதிர்ல நின்னு மெதுவா என் இடது தோளுக்கு வீசுனார். நான் யோசிக்கல, காலு தானா வலது பக்கம் ஏறிடுச்சு, கம்போட பின் முனை தானா எழுந்து அவர் கம்பை வாங்குச்சு, டொக்குன்னு ஒரு சத்தம், அந்த அதிர்வு மணிக்கட்டு வழியா முழங்கை வரைக்கும் ஏறுனது இன்னிக்கும் எனக்கு ஞாபகம் இருக்கு. வாங்குன வேகத்துலயே முன் முனை அவர் முழங்காலுக்குப் போயிருந்துச்சு. அவர் சிரிச்சார்.

சிலம்பத்தோட கொள்கை அந்த ஒரு டொக்குல இருந்துச்சுன்னு இப்ப புரியுது. ஒரு முனை காவல், ஒரு முனை தாக்குதல், ரெண்டும் வேற வேற அசைவு இல்ல, ஒரே சுழற்சி. சுழற்சி நின்னா கை செத்துப் போகும், அதனால நிக்காது. சுழற்சியைத் தூக்கிட்டுப் போறது காலு. அதே காலைக் கம்பில்லாம எடுத்தா குத்துவரிசை. கன்னியாகுமரிப் பக்கம் அடிமுறைல ஒற்றைச்சுவடுன்னு சுவட்டுலயே தொடங்குறாங்களே, அங்கயும் காலுதான் முதல் எழுத்து. குறவஞ்சி, மறக்காணம், துளுக்காணம்னு ஊருக்கு ஊர் வரிசை மாறும், வீச்சு மாறும், ஒருத்தர் வரிசையை இன்னொருத்தர் ஒத்துக்க மாட்டாங்க, ஆனா காலு இல்லாத சிலம்பம்னு ஒண்ணை யாரும் காட்ட முடியாது.

அலங்கார வீச்சைக் குறை சொல்லாதீங்க ஆசானே, திருவிழால தேருக்கு முன்னாடி கம்பு சுத்துறதும் நம்ம சொத்துதான், ஊர் ஜனம் கூடி நின்னு பார்த்ததாலதான் இந்தக் கலை இத்தனை தலைமுறை தாண்டி நம்ம கைக்கு வந்துச்சு. 1801ல பாளையக்காரர்களை அடக்குனதுக்கு அப்புறம் ஆங்கிலேயன் ஆயுதமே வச்சுக்கக் கூடாதுன்னு உத்தரவு போட்ட சீமை இது, அதையும் தாண்டி வந்திருக்கு. இப்ப 2024 ஜனவரில நம்ம மாநிலத்துல நடந்த கேலோ இந்தியா இளைஞர் போட்டில காட்சி விளையாட்டா சிலம்பம் இருந்துச்சு, அதைப் பார்த்து நான் கண் கலங்குனேன். பிரச்சினை சுத்துறதுல இல்ல, சுத்துறது மட்டுமே பயிற்சியா ஆயிட்டதுல இருக்கு. பரிசு எதுக்குக் குடுக்கிறோமோ பிள்ளைங்க அதைத்தான் பழகும். வேகத்துக்குப் பரிசுன்னா கம்பு லேசாயிடும், காலு ஒரே இடத்துல நின்னுடும், எதிராளி காணாமப் போயிடுவான். பத்து வருஷம் இப்படியே போனா பேர் சிலம்பமா இருக்கும், உள்ள வேற ஒண்ணு இருக்கும்.

நீங்க செய்யக் கூடியது ஒண்ணு இருக்கு, கானோகிட்ட இருந்து நாம தைரியமா எடுத்துக்கலாம். வாரத்துல ஒரு நாள் தொடுமுறை மட்டும்னு வைங்க. தலைக்கு ஹெல்மெட், மார்புக்குக் காப்பு, கம்பு முனைல சுண்ணாம்போ கரியோ தடவி விடுங்க, உடம்புல தடம் பட்டாத் தொட்டதுன்னு கணக்கு. முழங்காலுக்குக் கீழ ஒரு தடம், தோள்ல ஒரு தடம்னு வீட்டுக்குப் போற பையன் அன்னிக்கு ராத்திரி தூங்காம யோசிப்பான், எங்க காலு தப்பாப் போச்சுன்னு. அடுத்த வாரம் நீங்க சொல்லாமலே காலடி பழகுவான். ஆபத்தான வர்ம அடிகளைத் தொடுமுறைல சேர்க்காதீங்க, அதைத் தனியா, நிதானமா, பக்குவம் வந்த பிள்ளைக்கு மட்டும் குடுங்க. போட்டிக்கு அனுப்புற பிள்ளையும் இதைப் பழகட்டும், அவன் அலங்கார வீச்சுலயே ஒரு கனம் வந்திருக்கும், நடுவருக்குப் புரியுதோ இல்லையோ பார்க்கிற பழைய ஆளுங்களுக்குப் புரியும்.

கேள்வி: எங்க மாஸ்டர் கராத்தே, முவே தாய்ங்கிற தாய்லாந்துச் சண்டைக் கலை, கொஞ்சம் சிலம்பம் எல்லாம் கலந்து சொந்தமா ஒரு ஸ்டைல் ஆரம்பிச்சிருக்கார். புரூஸ் லீயும் அப்படித்தானே செஞ்சார்னு சொல்றார். இது தனிக் கலையா, கலவையா, எப்படித் தெரிஞ்சுக்கிறது? – கோயம்புத்தூர் கல்லூரி மாணவர்

கலக்குறது தப்பே இல்ல தம்பி. கானோ ரெண்டு பள்ளியைக் கலந்தார், கோஜூ ரியூங்கிற கராத்தே பிரிவுல ஒகினாவாவும் சீனாவும் கலந்திருக்கு. புரூஸ் லீ ஹாங்காங்ல இப் மான்ங்கிற ஆசான்கிட்ட விங் சுன்ங்கிற சீனக் கலையைக் கத்துக்கிட்டவர், அப்புறம் பாக்ஸிங், வாள் சண்டை ஃபென்சிங் எல்லாத்துல இருந்தும் எடுத்தார், 1967ல தன்னோட முறைக்கு ஜீத் குன் டோன்னு பேர் வச்சார். அந்தப் பேருக்கே இடைமறிக்கிற முஷ்டியோட வழின்னுதான் அர்த்தம். அவன் அடிக்கக் கிளம்புற நேரத்துலயே நம்ம அடி போய்ச் சேரணும், தடுத்துட்டு அப்புறம் அடிக்கிற ரெண்டு வேலை வேண்டாம். ஃபென்சிங்ல இருந்து எதை எடுக்கணும், விங் சுன்ல இருந்து எதை விடணும்னு அவருக்குச் சொன்னது இந்த ஒரு யோசனைதான். எதை விடணும்னு சொல்லத் தெரிஞ்சதாலதான் அது கலவையா நிக்காம ஒரு முறையா ஆச்சு.

விங் சுன்னையே பாரு, வெறுங்கை வரிசை மூணே மூணுதான். முதல் வரிசைல ஒரு அடிகூட நகராம நின்ன இடத்துலயே நிக்கணும், முழங்கையை உடம்போட நடுக்கோட்டுப் பக்கமாவே வச்சுக்கப் பழகணும். அவங்க நின்ன இடத்துல தொடங்குறாங்க, நாம காலடில தொடங்குறோம், ஜூடோ விழுறதுல தொடங்குது. தொடங்குற இடத்தை வச்சே உள்ள என்ன இருக்குன்னு ஓரளவு கண்டுபிடிச்சிடலாம்.

உங்க மாஸ்டர்கிட்ட மரியாதையா ஒரு விஷயம் செஞ்சு பாரு. திங்கக்கிழமை கிளாஸ்ல, ஒருத்தன் சட்டையைப் பிடிச்சு இழுத்தா என்ன பண்ணணும் மாஸ்டர்னு கேளு. புதன்கிழமை, ஒருத்தன் உதைக்க வந்தா என்ன பண்ணணும்னு கேளு. வெள்ளிக்கிழமை, ஒருத்தன் கம்பை ஓங்குனா என்னன்னு கேளு. அவர் கையைப் பார்க்காத, மூணு தடவையும் அவரோட முதல் காலு எங்க போகுதுன்னு மட்டும் பாரு, எடை எந்தக் கால்ல நிக்குது, எதிராளிகிட்ட இருந்து எவ்வளவு தூரத்துல முடிக்கிறார்னு பாரு. மூணுலயும் ஒரே ஆள் நகர்ற மாதிரி தெரிஞ்சா அவர் ஏதோ ஒண்ணைக் கண்டுபிடிச்சிருக்கார், விடாதே, கூடவே இரு. மூணு நாளும் மூணு வேற ஆளைப் பார்க்கிற மாதிரி இருந்தா, மூணு கிளாஸை ஒரே ஃபீஸ்ல படிக்கிறேன்னு நினைச்சுக்கோ, அதுவும் நல்லதுதான், ஆனா அடிப்படைக்கு ஏதாவது ஒண்ணை எடுத்து ரெண்டு வருஷம் தனியாப் பழகு. என்ன பார்த்தேன்னு எழுதி அனுப்பு, அடுத்த மாசம் அதை வச்சே பேசலாம்.